நாலாவதா வர்ற வித்தை

அந்தப் பையை மட்டும் மிதிச்சுப்போடாதீங்க சார். இல்லீங்க, உடையிற சாமான் ஒண்ணுமில்லீங்க. ஒரு ஆக்ஸிலேட்டர் கேபிள், அவ்வளவுதான். ஆனா அது வெறும் கேபிள் இல்லீங்க, சாட்சி. சாயங்காலம் அஞ்சு மணிக்கு மெட்ராஸ்ல எனக்கு விசாரணை இருக்குது. அட, ஏனுங்க தள்ளி உக்கார்றீங்க? கோர்ட்டு, கொலைக் கேசெல்லாம் இல்லீங்க. மோட்டார் சைக்கிள் பந்தயச் சங்கம்.

நீங்களும் மெட்ராஸ் வரைக்குந்தானுங்களே? நல்லதாப் போச்சு. சேலத்துக்குள்ள சொல்லி முடிச்சுப்போடறேன். நியாயம் எந்தப் பக்கம்னு நீங்களே சொல்லுங்க.

எம்பேரு சென்னியப்பன். கோயமுத்தூர் சுந்தராபுரத்துல டூவீலர் ஒர்க்‌ஷாப் வெச்சிருக்கறனுங்க. இருவத்திரெண்டு வருசம். யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க, கிளட்ச்சுன்னாலும் சரி பிரேக்குன்னாலும் சரி, கேபிள் வேலைன்னா சென்னியப்பன்ட்ட போன்னு. என்ற கடையில இருந்து ஒரு கேபிள் காஞ்சுபோய் வெளிய போனதில்லீங்க. பழைய இரும்புக்குப் போறதா இருந்தாக்கூட ஒரு சொட்டு ஆயில் விட்டுத்தான் அனுப்புவேன். அது என்ற வளர்ப்பு அப்படி.

வயசு நாப்பத்தி நாலு. ஒம்போது வருசமா பந்தயம் ஓட்டறேன். சிரிக்காதீங்க சார். தொப்பையப் பாத்து முடிவு பண்ணக்கூடாது. குனிஞ்சு ஓட்டுறப்ப இது டேங்க் மேல பதனமா உக்காந்துக்கும்.

இந்தப் பந்தயத்துல ரெண்டு கிளாஸ் இருக்குதுங்க. அமெச்சூருன்னு ஒண்ணு, புரோன்னு ஒண்ணு. அமெச்சூருன்னா எங்களை மாதிரி பொழப்பு ஒரு பக்கம், ஆசை ஒரு பக்கம். பச்சைக் கார்டு. புரோன்னா அதுவே பொழப்பு. கம்பெனி வண்டி குடுக்கும், ஆள் குடுக்கும், தண்ணி பாட்டில் புடிச்சுக்க ஒருத்தன், கொடை புடிக்க ஒருத்தன். சிவப்புக் கார்டு. எல்லாம் இருவது வயசுப் பசங்க. வயித்துல அரிசி மாவு தொட்டுக் கோலம் போடலாம், அத்தனை தட்டை.

வருசத்துக்கு அஞ்சு பந்தயம். அமெச்சூருல ஒருத்தன் ஒரே வருசத்துல மூணு தடவை மொத மூணு எடத்துக்குள்ள வந்துட்டான்னா, அடுத்த வருசம் அவனைக் கேக்காமயே புரோவுக்குத் தூக்கிப்போடுவாங்க. அதுதான் சட்டம். ரெண்டு தடவை வந்தா ஒண்ணுமில்ல. மூணாவது வந்தா போச்சு.

நான் ஒம்போது வருசமும் வருசத்துக்கு ரெண்டு கப்புங்க. கணக்கா ரெண்டு. மொத ரெண்டு பந்தயத்துலயே எடுத்துருவேன். மீதி மூணு பந்தயமும் நாலாவது.

அப்படிப் பாக்காதீங்க. நாலாவதா வர்றது லேசுப்பட்ட காரியம்னு நினைச்சீங்களா? மொதல்ல வர்றவனுக்கு என்னங்க வேலை? முறுக்குனாப் போதும். கடைசில வர்றவனுக்கு அந்த வேலையும் இல்ல. நாலாவதா வர்றவன் இருக்கானே, அவன் முன்னால போற மூணு பேரையும் பாக்கோணும், அதுல எவனாவது உளுந்துருவானான்னு பாக்கோணும், பின்னால வர்ற அஞ்சாவது ஆளையும் பாக்கோணும். கழுத்து சுளுக்கிக்கும் சார். ஒரு பந்தயம் முடிஞ்சா மூணு நாளைக்குத் தைலம் தேச்சுக்குவேன். கரணம் தப்பினா மரணம்.

ஏன் புரோவுக்குப் போகக்கூடாதுன்னு கேக்கறீங்க. எல்லாரும் அதையேதான் கேக்கறாங்க. என்ற மச்சினன் நல்லசிவம், கோபிச்செட்டிபாளையத்துல பூச்சிமருந்துக் கடை வெச்சிருக்கான், அவன் எங்க வூட்டு விசேசத்துல எல்லார் முன்னாலயும் கேக்கறான், "மச்சா, இன்னும் குண்டுச்சட்டிக்குள்ளயே குதிரை ஓட்டறீங்களா?"ன்னு. நான் சிரிச்சுக்கிட்டே சொன்னேன், "மாப்ள, குண்டுச்சட்டிக்குள்ள ஓட்டறதுதான்டா கஷ்டம், எந்தப் பக்கம் திரும்புனாலும் முட்டும்"னு. எப்படி? சபையே சிரிச்சுப்போச்சு. என்ற வூட்டுக்காரி மட்டும் சிரிக்கல.

தியாகுன்னு எனக்கொரு கூட்டாளி இருந்தான் சார். இருக்கான், உசுரோட இருக்கான். ஓட்டறதுல என்னைய விட ஒருபடி மேல. ஆறு வருசத்துக்கு முந்தி மூணாவது கப்பு ஜெயிச்சு, நெஞ்சை நிமுத்திக்கிட்டுப் புரோவுக்குப் போனான். அஞ்சு பந்தயம், அஞ்சுலயும் கடைசி. அதுல ஒண்ணுல மொதல் ஆளு ரெண்டு சுத்து கூடுதலாச் சுத்தி வந்து இவனைத் தாண்டிப் போனான். நீலக் கொடி காட்டி, ஒதுங்கு ஒதுங்குன்னு இவனை ஓரங்கட்டுனாங்க. லாரிக்கு வழி விடற மாட்டு வண்டி கணக்கா ஒதுங்கி நின்னான் பாவி. அடுத்த வருசம் வண்டிய வித்துட்டான். இப்ப கியர் இல்லாத ஸ்கூட்டர்ல முன்னால கீரைக்கட்டு வெச்சுக்கிட்டுப் போறான். என்ற கடை வழியாத்தான் போவான், திரும்பிப் பாக்க மாட்டான். புலிக்கு வாலா இருக்கறதுக்கு எலிக்குத் தலையா இருந்துட்டுப் போலாம், என்ன சொல்றீங்க?

அமெச்சூருல நான்னா எல்லாருக்கும் ஒரு இது சார். போனா, "சென்னியண்ணா வந்துட்டாரு"ம்பாங்க. செயினைப் பாருங்கண்ணா, டயர்ல காத்து எவ்வளவுண்ணா. ஆலையில்லா ஊருக்கு இலுப்பப்பூ சர்க்கரைன்னு மச்சினன் அதுக்கும் ஒரு பழமை சொல்லுவான். இலுப்பப்பூவும் இனிப்புத்தானுங்களே?

என்ற வூட்டுக்காரி பேரு பரிமளா. நல்ல மனுசி. இந்த ஒம்போது வருசத்துல பந்தயம் பாக்க ஒருநாளும் வந்ததில்ல. வேகத்தைப் பாத்தா தலை சுத்துதும்பா. நான் நாலாவதா வந்துட்டு வூட்டுக்குப் போனா, சுடுதண்ணி வெச்சுக் குடுத்து, "பரவால்ல விடுங்க, நாலாவதும் ஒரு எடந்தான்"னு சொல்லுவா. நான் உள்ளுக்குள்ள சிரிச்சுக்குவேன். இது வேணும்னே செய்யற வித்தைன்னு அவகிட்டச் சொன்னதில்ல. வித்தை தெரிஞ்சவன் வெளிய சொல்லுவானா?

ஆனா போன வருசம் ஒருநாள், பக்கத்து வூட்டம்மாகிட்ட அவ பேசிக்கிட்டிருந்தது காதுல உளுந்துச்சு. "ஆரம்பத்துல நல்லாத்தான் ஓட்டறாருங்க. போகப் போகத் தெம்பு பத்தாமப் போயிருது. பாவம்."

பாவம்னு சொன்னா சார்.

அதை நான் மனசுல வெச்சுக்கல. சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்றேன். அதுக்கும் இந்தக் கேபிளுக்கும் சம்பந்தமே இல்லீங்க.

சரி, கேஸுக்கு வர்றேன். இந்த வருசம் ரெண்டு கப்பு எடுத்தாச்சு, ரெண்டு நாலாவது வந்தாச்சு. பாக்கி கடைசிப் பந்தயம். போன மாசம். அன்னைக்குன்னு பாத்து மச்சினன் புதுக் கார் வாங்கிட்டு வந்து நிக்கறான். "அக்கா, கெளம்பு, மச்சான் ஓட்டறதை இன்னைக்குப் பாத்தே தீரோணும்"னு. அவளும் தூக்குப்போசில தயிர்சாதத்தைக் கட்டிக்கிட்டு, கொடையை எடுத்துக்கிட்டுக் கெளம்பிட்டா. பச்சைக் கொடை. எத்தனை கூட்டத்துலயும் தனியாத் தெரியும்.

எனக்கென்ன, வந்தா வரட்டும். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லீங்க.

பத்து சுத்து. ஒம்போது சுத்து முடியற வரைக்கும் எல்லாம் நான் போட்ட கோட்டுல போகுது. மொதல்ல ரெண்டு பேரு எங்கியோ போயிட்டாங்க. மூணாவது, டாக்டர் இளமாறன். பல் டாக்டருங்க, நல்ல ஆளு, என்னைய விடக் குண்டு. நாலாவது நான். அஞ்சாவது ஜெரால்டு, போத்தனூரு, ரயில்வேல வேலை. மத்தவங்கெல்லாம் ஒண்ணரைச் சுத்துக்குப் பின்னால. நான் பாட்டுக்கு டாக்டர் முதுகைப் பாத்துக்கிட்டு நிம்மதியா வர்றேன்.

கடைசிச் சுத்து, கடைசித் திருப்பம். டாக்டர் வண்டில டங்குன்னு ஒரு சத்தம். செயின் அத்துப்போச்சு!

எனக்கு உசுரே போயிருச்சு சார். அவுரு போனா மூணாவது யாரு? நானு! படக்குன்னு வேகத்தைக் கொறைச்சேன், ஜெரால்டு தாண்டிப் போவட்டும்னு. அவன் தாண்டல. திரும்பிப் பாத்தா அவனும் கொறைச்சுட்டான். அப்பத்தான் எனக்கு ஒறைக்குது, அந்தப் படுபாவிக்கும் இந்த வருசம் ரெண்டு கப்பு! அவனும் ஆறு வருசமா இதே வேலையப் பண்ணிக்கிட்டுத் திரியறான்! இத்தனை நாளும் இந்த வித்தை எனக்கு மட்டுந்தான் தெரியும்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்.

நான் நடக்கற வேகத்துக்கு வந்தேன். அவனும் வந்தான். நான் காலைக் கீழ ஊனுனேன். அவனும் ஊனுனான். பள்ளிக்கூட வெளையாட்டு விழாவுல மெதுவா சைக்கிள் ஓட்டற போட்டி வெப்பாங்களே, கடைசில வர்றவனுக்கு சோப்பு டப்பா, அது மாதிரி ரெண்டு பேரும் பந்தய வண்டில உருட்டிக்கிட்டு வர்றோம். "முன்னால போங்கண்ணா"ங்கறான். "வயசுல சின்னவன், நீ போ ஜெரால்டு"ங்கறேன். "பெரியவங்களுக்கு மரியாதை குடுக்கோணும்ணா"ங்கறான். என்ன ஒரு மரியாதை பாருங்க அந்த நேரத்துல.

இதுக்கெடையில டாக்டர் எறங்கி வண்டியத் தள்ள ஆரம்பிச்சுட்டாரு. ஓட்டறவனே தன் கையால தள்ளிக்கிட்டுக் கோட்டைத் தாண்டுனா செல்லும், அடுத்தவன் தொடக்கூடாது. எங்களுக்கு அவுரு கடவுளாத் தெரிஞ்சாரு சார். அவுரு மூணாவதாப் போயிட்டா எங்க ரெண்டு பேருக்கும் வில்லங்கமில்ல. கோட்டுக்கு எரநூறு அடி. வேகாத வெயிலு, தோல் சட்டை, அந்த ஒடம்பு. நாக்குத் தள்ளுது. நாங்க ரெண்டு பேரும் ரெண்டு பக்கமும் உருட்டிக்கிட்டே, "தள்ளுங்க டாக்டர், தள்ளுங்க! நூறு அடிதான்! மூச்சை நல்லா இழுங்க!"ன்னு பிரசவம் பாக்கற மாதிரி கத்திக்கிட்டு வர்றோம்.

கூட்டமே எந்திரிச்சு நின்னு சிரிக்குது. மைக்ல பேசறவரு பேச முடியாம இருமறாரு. மச்சினன் கம்பிக்கிட்ட ஓடி வந்து, "மச்சா, பெட்ரோல் தீந்துபோச்சுங்களா? வாங்கிட்டு வரட்டா?"ங்கறான். எங்க பக்கத்து லொள்ளுக்குக் கேக்கவா வேணும். எங்க பாத்தாலும் பல்லாத் தெரியுது.

அதுக்குள்ள பச்சைக் கொடையப் பாத்துட்டேன். அவ சிரிக்கலீங்க. தூக்குப்போசியக் கீழ வெச்சா. கொடையை மடக்குனா. மடக்கிட்டு எந்திரிச்சு நின்னா. அவ்வளவுதான். என்னையவே பாத்துக்கிட்டு நின்னா.

அந்த நேரம் பாத்து ஆக்ஸிலேட்டர் கேபிள் மாட்டிக்கிச்சு.

ஆமாங்க, மாட்டிக்கிச்சு. உள் கம்பி உறையில சிக்கி, முழுசாத் தொறந்த வாக்குல நின்னுபோச்சு. நான் என்ன பண்ண முடியும்? வண்டி அலறிக்கிட்டு டாக்டரைத் தாண்டி, கோட்டைத் தாண்டி, பறந்துருச்சு. மூணாவது எடம், சென்னியப்பன். பின்னால ஜெரால்டு கையத் தூக்கிக்கிட்டு டான்ஸ் ஆடறான், அவன் தப்பிச்சுட்டான்னு. டாக்டரு நாலாவதா வந்து கோட்டு மேலயே படுத்துக்கிட்டாரு.

என்ன கேட்டீங்க? மாட்டுன கேபிளு அப்பறம் எப்படி நின்னுச்சுன்னா? கோட்டைத் தாண்டுனதும் அதுவாச் சரியாயிருச்சுங்க. சில சமயம் அப்படி ஆகும். கேபிள் வேலைல பேர் போன ஆளோட கேபிளு எப்படி மாட்டும்னு அடுத்துக் கேப்பீங்க. யானைக்கும் அடி சறுக்குமுங்க. சங்கத்துக்காரங்க மாதிரியே கேக்கறீங்களே!

அதுக்குத்தான் மனு போட்டிருக்கேன். கோளாறுனால வந்த எடத்தைச் சேத்தக்கூடாதுன்னு சட்டத்துலயே இருக்குது. சங்கத்துச் செயலாளர் போன்ல சொல்றாரு, "யோவ், கோளாறாகிப் பின்னால போனேன்னு மனு போட்டவன் ஆயிரம் பேரு. கோளாறாகி முன்னால போனேன்னு மனு போட்ட மொத ஆளு நீதான்யா"ன்னு. ஆனா கேபிளைக் கொண்டாந்து காட்டு, மாட்டுனா பச்சைக் கார்டே தர்றோம்னு சொல்லிட்டாரு. இல்லாட்டி அங்கயே புரோ பாரத்துல கையெழுத்து.

சித்த இருங்க, வூட்ல இருந்து போனு. "ஆங், சொல்லு அம்முணி... சங்ககிரி தாண்டியாச்சு... இட்லியெல்லாம் தின்னாச்சு... ம்... ம்... அட, தெரு பூராச் சொல்லிட்டயா?... சரி சரி. கார்டு வாங்குனதும் கூப்புடறேன்... வெக்கறேன்."

உங்ககிட்ட என்னத்துக்கு மறைக்கோணும். அவ, நான் சிவப்புக் கார்டு வாங்கறதுக்குப் போறேன்னு நினைச்சுக்கிட்டிருக்கா. நான் சொல்லலீங்க, அவளா நினைச்சுக்கிட்டா. அந்த மூணாவது கப்பை ஷோகேஸ்ல முன்னால வெச்சிருக்கா, மத்த பதினெட்டு கப்பும் அதுக்குப் பின்னால. இந்தச் சட்டை அவதான் தேச்சுக் குடுத்தா. எப்படி எடுத்துச் சொல்றதுங்க? பச்சைக் கார்டை வாங்கிட்டுப் போனப்பறம் பக்குவமாச் சொல்லிக்கலாம்.

சேலம் வந்துருச்சு. பத்து நிமிசம் நிப்பான். எறங்குங்க, டீ நான் வாங்கறேன். அட, வாங்க.

இந்தக் கல்லு மேல உக்காருங்க. அந்தக் கேபிளையும் காட்டிப்போடறேன், அப்பத்தான் உங்களுக்கு நம்பிக்கை வரும். இந்தாங்க. உறையை நீங்க கெட்டியாப் புடிங்க, நான் உள் கம்பிய இழுக்கறேன். பாதில சிக்கும் பாருங்க. இந்தா...

இருங்க. இன்னொரு தடவை.

என்னது இது, வெண்ணெய்ல கத்தி போற மாதிரி போகுது. அந்தப் பக்கம் வளைச்சுப் புடிங்க. இன்னும் வளைங்க... ம்ஹும்.

ஐயையோ! சார், காலைல பைல வெக்கறப்ப கை சும்மா இருக்காம, கழுவித் தொடைச்சு ஆயில் விட்டுட்டனுங்க! வேணும்னு செய்யல, கடையில இருந்து கேபிள் வெளிய போகுதில்லீங்க, கை அதுபாட்டுக்கு எடுத்து விட்டுருச்சு! இருவத்திரெண்டு வருசப் பழக்கம், சாட்சிக்கும் சேத்து ஆயில் விட்டுருச்சு! முதலுக்கே மோசம் பண்ணிட்டனே!

சிரிங்க, நல்லாச் சிரிங்க. டீ சட்டை மேல சிந்துது பாருங்க.

மண்ணா? ஆமாங்க, நானும் அதைத்தான் நினைச்சேன். கீழ இத்தனை மண்ணு கெடக்குது. ஒரு சிட்டிகை உள்ள விட்டாப் போதும், அஞ்சு மணிக்கு கம்பி நவுராது. யாருக்குத் தெரியப்போகுது? இந்தா, எடுத்துட்டேன். நீங்க உறையை இப்படித் தூக்கிப் புடிங்க.

முடியல சார்.

முடியலீங்க. என்ற கையால ஒரு நல்ல கேபிளைக் கெடுக்கறதா? வாங்க, டீ கிளாஸைக் குடுத்துட்டு வந்துரலாம்.

அது மாட்டலீங்க. அன்னைக்கும் மாட்டல. நாந்தான் முறுக்குனேன். அவ கொடையை மடக்குன அந்த நிமிசத்துல. ஊரே சிரிச்சா நானும் சேந்து சிரிச்சுட்டுப் போயிருவேன். அவ சிரிச்சிருந்தாலும் பரவால்லீங்க. பாவம்னு பாத்தா பாருங்க, அதைத்தான் தாங்க முடியல. முறுக்கிட்டேன். எத்தனை சந்தோசமா இருந்துச்சு தெரியுங்களா, அந்த நூறு அடி? கோட்டைத் தாண்டுனப்பறந்தான் பயம் புடிச்சுக்கிச்சு. பயமாத்தான் இருக்குது சார். தியாகு மாதிரி ஆயிட்டா? வண்டியே தொட முடியாமப் போயிட்டா?

ஹாரன் அடிக்கறான், ஏறுங்க ஏறுங்க. கைல மண்ணு, இந்தத் தூக்குப்போசிப் பையில ஒரு துண்டு வெச்சிருப்பா, தொடைச்சுக்கறேன். இது என்ன கவரு? போட்டோவுங்க. பாஸ்போர்ட் சைஸ் ரெண்டு. பாரத்துல ஒட்டக் கேப்பாங்கன்னு அவளே வெச்சு விட்டிருக்கா. மச்சினன் கலியாணத்துல எடுத்தது. தலை நெறைய முடி அப்ப. இந்த மூஞ்சி சிவப்புக் கார்டுல வந்தா எப்படி இருக்கும்? நெசமாச் சொல்லுங்க, புரோ மாதிரி இருக்கனுங்களா?

வர்ற வருசம் புரோவுல பதினாறு பேரு ஓட்டறாங்க. நான் பதினாறாவது, அதுல மாத்தமில்ல. நீலக் கொடி காட்டுவாங்க, ஒதுங்கிக்கலாம். ஒதுங்கறதுலயும் ஒரு பதம் இருக்குது, அந்தத் தியாகுப் பயலுக்கு அது தெரியல. எல்லாருக்கும் தெரிஞ்சிருமா? கடைசில வர்றவனுக்கு ஒரு வேலையும் இல்லைன்னு மொத ஒரு வார்த்தை சொன்னேன் பாருங்க, அது தப்புங்க. யோசிச்சுப் பாத்தா அதுலயும் ஒரு சௌகரியம் இருக்குது. ஒம்போது வருசமாத் திரும்பித் திரும்பிப் பாத்துக் கழுத்துப் போச்சு. கடைசில வர்றவனுக்குப் பின்னால பாக்க ஆளே இல்ல. முன்னால மட்டும் பாத்து ஓட்டலாம்.

நீங்க ஜன்னலோரம் உக்காருங்க. சார், சார், அந்தப் பையை மட்டும் மிதிச்சுப்போடாதீங்க. சாட்சியெல்லாம் இல்லீங்க இப்ப, அது கேபிளு. ஊருக்குப் போனதும் வண்டில மாட்டோணும்.